கூண்டும் கூளமும்

செவ்வாய், கீழ்ச்சரிவுக் குடியிருப்பு, கோழிப் பிரிவு
ஆய்வுக் குறிப்பு: டாக்டர் திலகமணி, தரைக் கொட்டகை

குஞ்சு வயது 18 நாள். காலை 7.20

வெப்பம் 27. கூளம் உலர்ந்திருக்கிறது. அள்ளிப் பிடித்தால் உருண்டை ஆகவில்லை, உதிர்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். கோழிகள் நாற்பதும் நலம். தீவனத்துக்கு அடிதடி.

இந்தக் குறிப்பை என்றைக்கோ யாரோ படிப்பார்களாம், அதனால் விளக்கமாக எழுது என்கிறார்கள். ஒரே ஒரு முறை எழுதுகிறேன், மறுபடி கேட்கக்கூடாது. செவ்வாயில் கறிக்கோழியை எப்படி வளர்ப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு கொட்டகை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நான். பசுமைக்குடிலில் மிஞ்சும் நெல்லுமியைத் தரையில் ஆழமாகப் பரப்பி அதன்மேல் கோழியை விட்டிருக்கிறேன். எச்சம் உமியோடு கலந்து மெல்ல மக்கும். அந்தக் கலவைதான் கூளம். அந்தப் பக்கம் நாச்சிமுத்து அண்ணன். மூன்றடுக்குக் கம்பிக் கூண்டு, எச்சம் கீழே ஓடும் பட்டையில் விழுந்து வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே நாள் பொரித்த குஞ்சுகள், ஒரே தீவனம். தீவனப் பெட்டி என் பக்கம் இருக்கிறது. சுவரைத் துளைத்துப் போகும் குழாய்க்குள் ஒரு சுருள்கம்பி சுழன்று அவர் பக்கத்துக்குத் தீவனத்தை இழுத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அந்த முறையில்தான் இனி இங்கே கோழி வளரும்.

தேதி எங்கே என்று தேடாதீர்கள். பூமித் தேதி, செவ்வாய்த் தேதி எல்லாம் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குக் குஞ்சு இறங்கிய நாள்தான் முதல் நாள்.

நான் பல்லடத்துக்காரி. எங்கள் ஊரில் கறிக்கோழி தரையில் ஓடும். அவர் நாமக்கல்காரர். அவர்கள் ஊரில் முட்டைக்கோழி கூண்டில் உட்காரும். இத்தனை கோடி மைல் தாண்டி வந்தும் அந்தச் சண்டை எங்களுக்குத் தீரவில்லை.

ஒரு கொட்டகையில் நடந்த பூட்ஸ் மறு கொட்டகைக்குள் வரக்கூடாது. நோய் காலோடுதான் நடக்கும். இரண்டுக்கும் பொதுவான முன்னறையில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கிறேன். காலை நனைக்காமல் யாரும் தாண்டக்கூடாது. கமாண்டரையே ஒருமுறை திருப்பி அனுப்பினேன், மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. அதனால் அண்ணனும் நானும் பேசிக்கொள்வதெல்லாம் இன்டர்காமில்தான். தினமும் இதே நேரத்துக்கு அது கரகரக்கும்.

"அம்மணி, என்ற பக்கம் சாவு இல்லை. உன்ற பக்கம் எத்தனை?"

அவருக்கு இதுதான் சுப்ரபாதம்.

வயது 21 நாள். மாலை 4.00

எடை போட்டோம். கூண்டுக் கோழி என் கோழியைவிடக் கொஞ்சம் கனம். ஒப்புக்கொள்கிறேன். அலையாமல் தின்றால் எனக்கும்தான் உடம்பு வைக்கும்.

காலைப் பாருங்கள் அண்ணா என்றேன். ஒன்றை வெளியே எடுத்துத் தரையில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். அவர் வாயாலேயே சொன்னார்: நின்றது, யோசித்தது, உட்கார்ந்துகொண்டது. மார்பில் கம்பி அழுத்திய கொப்புளமாம். இங்கே ஈர்ப்பு வேறு குறைச்சல். நடக்காத காலுக்கு வலு எங்கிருந்து வரும்? என் பக்கத்துப் பிசாசுகள் ஒரே தாவலில் பாதிக் கொட்டகையைத் தாண்டுகின்றன. உமித்தூசி பறந்து என் தலை நரைத்த மாதிரி இருக்கிறது, ஆனால் கால்கள் உருட்டுக்கட்டை.

"கறிக்கோழி ஓட்டப் பந்தயத்துக்கா போகுது? உக்காந்து தின்னு எடை வச்சாப் போதும் அம்மணி."

நீங்கள் கோழி வளர்க்கவில்லை, அலமாரியில் கல் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். இன்டர்காமை அணைத்துவிட்டார். அணைக்கட்டும். நாளைக் காலை சாவுக் கணக்குக் கேட்க வந்துதானே ஆகவேண்டும்.

மைய நிலையத்திலிருந்து ஜெஸிந்தாவின் குரல். தூத்துக்குடிப் பெண். தகவல் மேசையும் வண்டி ஓட்டுவதும் அவள் பொறுப்பு.

"மணியக்கா, தெக்க இருந்து பெரிய புழுதி வருது. சோலார் பாதிக்கு மேல படுத்துரும். கோழி ரூம்ல ஹீட்டரக் கொறைக்கச் சொல்லுதாவ."

குறைக்கச் சொல்கிறவர்கள் கோழிக்குஞ்சுக்குக் கம்பளி தருவார்களா என்று கேட்டேன். சிரித்தாள். ஹீட்டர் குறைந்துவிட்டது.

வயது 23 நாள். காலை 7.30

வெளியே பகலா மாலையா என்று தெரியவில்லை. சன்னல் முழுக்கச் செம்மண் நிறம்.

என் பக்கம் வெப்பம் 24. கூளத்துக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மக்குகிற எதற்கும் சொந்தச் சூடு உண்டு. அண்ணன் பக்கம் 17. தீவனச் சாக்குகளைக் கூண்டுகளைச் சுற்றிக் கட்டியிருக்கிறாராம். இப்போது யார் ஜெயித்தது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்டும்விட்டேன்.

"உன்ற பக்கம் அம்மோனியா எவ்வளவு அம்மணி? மொதல்ல அதச் சொல்லு."

பிடித்துவிட்டார். தரை முறையில் சூடு உண்டு, காற்று நாறும். கூண்டில் காற்று சுத்தம், சூடு கிடையாது. காற்றாடியும் வடிகட்டியும் ஓடும்வரை எனக்குக் கவலை இல்லை. ஹீட்டர் ஓடும்வரை அவருக்குக் கவலை இல்லை. மின்சாரம் இருந்தால் இருவரும் புத்திசாலிகள்.

மைய நிலையத்துக்குப் போகும் நடைகுழாயில் ஹீட்டரை முழுவதும் அணைத்துவிட்டார்கள். குளிரில் அதன் இணைப்பு வளையங்கள் சுருங்கி முனகுகின்றன. ஜெஸிந்தாவிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

வயது 24 நாள். காலை 11.00

புழுதி குறையும்வரை எல்லாரும் மைய நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. கோழிகளுக்கு இரண்டு நாள் தீவனமும் நீரும் தானாக ஓடும்படி வைத்துவிட்டுக் கிளம்புகிறோம்.

அதே நாள். மதியம் 1.40

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் முதலில் முன்னறைக்கு வந்தேன். கடைசியாக ஒருமுறை கூளத்தைப் பார்ப்போம் என்று என் கொட்டகைக் கதவைத் திறந்தேன். அப்போது அண்ணன் கூண்டுக் கொட்டகையிலிருந்து வந்தார். அதே பூட்ஸ். எச்சப் பட்டையின் ஈரம் அதில் ஒட்டியிருந்தது. தொட்டியைப் பார்க்காமல் தாண்டி, திறந்திருந்த என் கதவுப் பக்கமாக நடந்துவந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். கொட்டகையைக் காலிசெய்து போகிறோம், இடியே விழுந்தாலும் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது பூட்ஸ் மட்டும்தான். திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். அவர் சிரித்தார். கையெடுத்துக் கும்பிட்டார். திரும்பித் தன் கொட்டகைக்குள் போனார்.

நானும் என் கொட்டகைக்குள் ஒரு அடி வைத்தேன். அப்போது நடைகுழாயில் பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். காது அடைத்தது. அழுத்தம் இறங்கியதும் கதவுகள் தானாக அறைந்து மூடிக்கொண்டன, என்னுடையது, அவருடையது இரண்டும். விளக்கு போய்விட்டது. நடைகுழாயும் முன்னறையும் இப்போது வெளி, அங்கே மூச்சுவிடக் காற்று இல்லை. மின்கம்பியும் அந்தக் குழாய் வழியாகத்தான் வந்தது. வெளியே போகும் அழுத்த உடைகள் குழாயின் அந்தக் கோடியில் தொங்குகின்றன.

பிராணவாயு உருளை இரண்டு கொட்டகையிலும் தனித்தனியாக இருக்கிறது, மின்சாரம் வேண்டாம், தானாகக் கசியும். இன்டர்காம் பேட்டரியில் ஓடுகிறது.

"அம்மணி, இருக்கியா?"

இருக்கிறேன் அண்ணா என்றேன்.

"பூட்ஸ மாத்திட்டேன். இப்ப வரட்டுமா?"

இந்த நேரத்திலும் அவருக்குக் கிண்டல். நான் அழுதுவிட்டேன்.

அதே நாள். மாலை

"மணியக்கா, வண்டி பனிக்கட்டி வெட்டுத சுரங்கத்துல கெடக்கு. புழுதியில கையக் கூடப் பாக்க முடியல. கொஞ்சம் அடங்குன ஒடனே நானே எடுத்துட்டு வாறேன். பொறுத்துக்கிடுங்கக்கா."

பொறுத்துக்கொள்ளலாம். என் பக்கம் 20. நான் கோழிகளோடு கூளத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டில் என் மடியிலும் முதுகிலும் ஏறிப் படுக்கின்றன. மூக்கு மட்டும் எரிகிறது, வடிகட்டி நின்றுவிட்டது.

அண்ணன் பக்கம் 6.

நான் கத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் இரண்டு பேரும் மையத்தில் டீ குடித்துக்கொண்டிருப்போம் என்று அவரிடம் சொன்னேன்.

"கத்தாட்டி அந்தக் குழாய்க்குள்ள நடந்துட்டு இருந்திருப்போம். வெடிச்சப்ப ரெண்டு பேரும் நடுவுல. விடு அம்மணி."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது யாருக்கும் தெரியப்போவதில்லை, அதுதான் என்னைக் குடைகிறது.

வயது 25 நாள். காலை

சுவரை உடைத்துப் பார்த்தேன். கூளம் கிளறும் முள்ளால் குத்தினேன். முள் வளைந்தது, சுவரில் கீறல்கூட இல்லை. கால்நடை மருத்துவம் படித்தவள் சுவர் உடைக்கிற லட்சணம்.

என் பக்கம் 16. அண்ணன் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே. தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதாம்.

கூண்டுகளைத் திறந்து எல்லாவற்றையும் தரையில் விடுங்கள், உங்களைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும், நீங்களும் சூடாக இருக்கலாம் என்றேன். என் கோழிகள் அப்படித்தானே செய்கின்றன. திறந்தார்.

"வரமாட்டேங்குது அம்மணி. எறக்கிவுட்ட எடத்துலயே உக்காந்திருக்குது. ஒன்னோட ஒன்னு சேர்றதுக்கே தெரியலை இதுகளுக்கு. கூண்டுல ஆளுக்கொரு தடுப்பு வச்சது நாந்தான."

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. சண்டை போட ஆசையாக இருந்தது, சண்டை போட்டால் அவர் பழைய ஆளாகிவிடுவார் என்று தோன்றியது.

ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுவந்து தன்னைச் சுற்றி வைக்கப்போவதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பேசினார்.

"கல்லுன்னு சொன்னியே. மடியில வச்சாத்தான் தெரியுது, நெஞ்சு என்னமா அடிக்குது அம்மணி."

அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். வாங்கிக்கொள் என்றார்.

அதே நாள். மதியம்

தீவனக் குழாய்! என் தலையில் இருப்பது மூளையா உமியா? நேற்றே தோன்றியிருக்க வேண்டும்.

சுருள்கம்பியை மோட்டார் இல்லாமல் கையாலும் சுற்றலாம், பழுதுபார்க்க ஒரு கைப்பிடி அவர் பக்கம் இருக்கிறது. குழாய் என் கை நுழையும் அளவுதான். சூட்டுக் காற்று அதிகம் போகாது, கூளம் போகும். பெட்டியில் மிச்சமிருந்த தீவனத்தைக் கொட்டிவிட்டு, அடிக் கூளமாகப் பார்த்து, சூடாக இருப்பதை அள்ளிப் போட்டேன். அவர் சுற்றினார். சுவருக்குள் கறகறவென்று போகிற சத்தம் கேட்டது.

"வருது. வருது அம்மணி! சூடா இருக்குது, இப்ப எறக்குன இட்லி கணக்கா."

பரப்பாதீர்கள், குவியுங்கள் என்றேன். கூளம் பரந்தால் ஆறிவிடும், குவிந்திருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். மேலே சாக்குப் போட்டு மூடுங்கள், இடுப்பு உயரம் வந்ததும் நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

"தரைக் கொட்டகைக் கூளம் கூண்டுக் கொட்டகைக்குள்ள வருது. உன்ற தொட்டியில நனைச்சியா?"

ஆராய்ச்சி நாசமாய்ப் போனது அண்ணா, சுற்றுங்கள் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். இதைப் படிக்கிறவர் குறித்துக்கொள்ளலாம், சோதனை இந்த இடத்தில் கெட்டது. எனக்குக் கவலை இல்லை.

வயது 26 நாள். விடிந்துவிட்டதாகக் கடிகாரம் சொல்கிறது

நேற்று மதியத்திலிருந்து விடியவிடிய அள்ளினேன். கூளத்தை அசைத்தால் உள்ளே அடைந்திருக்கும் அம்மோனியா கிளம்பும். அது தெரியாதவளா நான்? மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்: காற்றோட்டமில்லாத கொட்டகையில் முதலில் போவது கோழியின் கண். கருவிழி புண்ணாகி வெளுக்கும், வெளிச்சம் பட்டால் கூசும், பிறகு தீவனத் தட்டு தெரியாமல் தலையை இடிக்கும். இப்போது என் கண்ணில் மணல் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. குடிநீரில் துணி நனைத்துக் கட்டிக்கொண்டு அள்ளுகிறேன்.

நான் அள்ள அள்ள என் பக்கமும் ஆறுகிறது. 11.

நான் பெட்டிப் பக்கம் நின்ற நேரத்தில் என் கோழிகள் சூட்டுக்காக மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன. அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. கையால் தடவித்தான் எண்ணினேன். ஏழு. ஓடத் தெரிந்த, சேரத் தெரிந்த கோழிகள். சேர்ந்ததால் செத்தன. இதைப் பெருமையாகப் பேசினேன் இத்தனை நாளும்.

காலையில் இன்டர்காம் கரகரத்தது. நேரம் தவறவில்லை மனிதர்.

"அம்மணி. என்ற பக்கம் சாவு இல்லை. உன்ற பக்கம்?"

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தக் குளிரில் சாவில்லாமல் எப்படி? என் பக்கமும் இல்லை என்று நானும் பொய் சொன்னேன்.

ஜெஸிந்தாவை அழைத்துக் கத்தினேன். அவளை என்ன சொல்லி என்ன? அவளும் அழுகிறாள்.

"ஒரு தடவ வண்டிய எடுத்துட்டுக் கெளம்பினேன்க்கா. பள்ளத்துல எறங்கிட்டு. திரும்ப இழுத்துட்டு வந்தாவ. பாதை தெரிஞ்சா ஒரு நிமிஷம் நிக்கமாட்டேன், மாதா சத்தியமா."

அதே நாள். மாலை

சுருள்கம்பி முறிந்துவிட்டது.

ஈரக் கூளம் குழாயில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டது. அவர் பலம் கொண்டமட்டும் சுற்றியிருக்கிறார். சுவருக்குள் எங்கோ டங் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கைப்பிடி வெறுமனே சுற்றுகிறதாம். என் பக்கம் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுவரை போகிறது, அதற்குமேல் சிமெண்ட் மாதிரி கூளம். தோண்டினேன். நகம் பெயர்ந்தது.

எவ்வளவு உயரம் வந்திருக்கிறது அண்ணா என்று கேட்டேன்.

"இடுப்பு வரைக்கும் வந்துருச்சு அம்மணி. உள்ளுக்குள்ள உக்காந்துட்டேன். நெம்ப நல்லா இருக்குது. நீ இனி கூளத்தத் தொடாத, கண்ணக் கழுவு."

அப்பாடா. உயிர் வந்தது எனக்கு. இடுப்பு வரைக்கும் என்றால் இரண்டு நாள் தாங்கும். மூடிய குவியலுக்கு அவ்வளவு சூடு உண்டு, நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

கண் திறந்தால் ஒரே புகை மூட்டம். எழுத்து தெரியவில்லை. இனி வாயால் சொல்கிறேன், கருவி எழுதிக்கொள்ளட்டும்.

வயது 27

காலையா என்று தெரியவில்லை. கருவி நேரம் போட்டுக்கொள்ளும்.

கண் இல்லை. திறந்தாலும் மூடினாலும் ஒரே வெளுப்பு. இருமல் நிற்கவில்லை. கோழிகள் என்மேல் இருக்கின்றன. சிலது அசையவில்லை. எண்ணவில்லை, எண்ணப்போவதும் இல்லை.

அண்ணன் பேசினார். நாக்குக் குழறுகிறது. நாமக்கல்லில் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையாம், அங்கே பாலில் தண்ணீர் கலக்கிறானாம், ஊருக்குப் போனதும் அவனை ஒரு பிடி பிடிக்க வேண்டுமாம். எதற்கு இதைச் சொன்னார் என்று தெரியவில்லை. தூங்கிவிடாதீர்கள் அண்ணா, குவியலுக்குள் நன்றாக இறங்கி உட்காருங்கள் என்றேன்.

"உக்காந்துதான் இருக்கேன். சூடா இருக்குது. இப்பக் குளிரே தெரியலை பாரு."

குளிர் தெரியவில்லை என்றார். குளிரில் விறைக்கிற உடம்பு கடைசியில் அப்படித்தான் சொல்லும், மனிதன் ஆனாலும் மாடு ஆனாலும். அண்ணா, கையைக் கிள்ளிப் பாருங்கள் என்றேன். அண்ணா, சாக்கைத் தலைவரை இழுத்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொல்வதையெல்லாம் சரி சரி என்றார். சுவர் இரண்டு சாண் இருக்குமா? கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், ஒன்றும் செய்ய முடியவில்லை, ஒன்றும், ஒன்றுமே

27. பிறகு

இன்டர்காம் திறந்துதான் இருக்கிறது. அவர் பேசவில்லை. கோழி முனகுகிற சத்தம் கேட்கிறது. அவர் பக்கத்திலிருந்துதான். குஞ்சாக இருக்கும்போது இறக்கைக்கடியில் படுத்து முனகுமே, அந்தச் சத்தம்.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். திட்டினேன். கூண்டுதான் உசத்தி, ஒப்புக்கொள்கிறேன், எழுதியே தருகிறேன், ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். அதைக் கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தார் தெரியுமா? பேசவில்லை.

27. வண்டி

"மணியக்கா! தெரியுது, ஒங்க கூரை தெரியுது! கொட்டகைக்குப் பின்னாடி இருக்க சரக்கு வாசல்ல வண்டியப் பொருத்தி உள்ள வந்துருவோம். ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான் பொருத்த முடியும். மொதல்ல ஒங்க பக்கம் வரட்டா?"

அந்தப் பக்கம் போ என்றேன். கூண்டுப் பக்கம். ஓடு.

27

இன்டர்காமில் கேட்டதைச் சொல்கிறேன். கதவு திறந்தது. நடக்கிற சத்தம். ஜெஸிந்தாவும் இன்னொருவரும். நடை நின்றது. என்னடி ஆயிற்று, சொல்லித் தொலை என்று அலறினேன்.

"மணியக்கா... கோழியெல்லாம் உயிரோட இருக்குக்கா. உமிக் குவியலுக்குள்ள பள்ளம் பண்ணி அதுக்குள்ள வச்சிருக்காரு, மேல சாக்கப் போட்டு. அத்தனையும் முழிச்சுப் பாக்குது. ஒன்னு கூடச் சாகலக்கா."

அண்ணன் எங்கே என்றேன்.

"வெளிய சாஞ்சு இருக்காருக்கா. சட்டைய, கோட்டக் கழத்தி அந்தச் சாக்கு மேல போத்தியிருக்காரு. ஒடம்பு..."

குவியல் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். எவ்வளவு உயரம் ஜெஸிந்தா?

"முழங்கால் கூட வராதுக்கா."

முழங்கால். இடுப்பு என்றாரே. உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்றாரே. ஆள் உட்கார இடமில்லாத குவியல். கோழி உட்கார இடம் இருந்திருக்கிறது. நான் அள்ளிப் போட்டது அவ்வளவுதானா? கண்ணைக் கொடுத்து அள்ளினேனே. இன்னும் ஒரு பத்துக் கூடை, அந்தக் கம்பி முறியாமல் இருந்திருந்தால்

நேற்றுக் காலையில் அவர் சொன்னது பொய் இல்லை. எழுதிக்கொள். கூண்டுக் கொட்டகை, சாவு இல்லை. தரைக் கொட்டகை, எண்ணவில்லை.

27

வண்டியை என் பக்கம் பொருத்துகிறார்கள். இடிக்கிற சத்தம் கேட்கிறது. சரக்கு வாசலுக்கு உள்பக்கமும் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன், சின்னது, கிருமிநாசினி இன்னும் உறையவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன்.

அவர்கள் கூண்டுக் கொட்டகையில் நடந்த பூட்ஸோடு வருகிறார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மிதித்த பூட்ஸ். ஏதாவது இறகு ஒட்டியிருக்கும்.

கதவு திறந்துவிட்டது. மணியக்கா, மணியக்கா என்கிறாள். நடந்து வருகிறார்கள். தொட்டியில் கால் நனைகிற சத்தம் இல்லை. தாண்டிவிட்டார்கள். நேராக உள்ளே வருகிறார்கள்.

வரட்டும்.